அடுத்த வெடிக்கு முன்னால்



2023 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4 ஆம் திகதி. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் என் மகளின் வீட்டில் இருந்தேன். அவளது இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாகப் போய் மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. மஃரிப் தொழுதுவிட்டுப் பேரப்பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தப் போனபோது வெளியே படபடவென்று வெடிச்சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலோரம் தரையில் குந்திவிட்டேன்.

மகள் ஓடி வந்தாள். "பட்டாசு உம்மா! இன்டைக்கு இவங்கட சுதந்திர தினம்" என்று சிரித்தாள். என் கை நடுங்குவதைக் கண்டதும் அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

மருமகன் மெதுவாகச் சொன்னார்: "மாமி பயந்ததில பிழையில்ல. போன வருஷம் இதே நாள், பக்கத்து ஹைலன்ட் பார்க் ஊரில ஊர்வலம் பார்க்க வந்த சனத்த ஒருத்தன் கூரையில இருந்து சுட்டான். ஏழு பேர் மௌத்து. அதுக்குப் பிறகு பட்டாசு வெடிச்சா நாங்களும் ஒருக்கா நின்று காது குடுக்கத்தான் செய்றோம்."

என் பயத்துக்குக் காரணம் வேறு. 1990 ஆம் ஆண்டு கிழக்கு மாகாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. அந்த வருடம் வயலுக்குப் போன என் மூத்த காக்கா திரும்பி வரவில்லை. துப்பாக்கி ஏந்தியவர்கள் வழியில் சுட்டுவிட்டார்கள். ஜனாஸா அடக்கிய அன்றிரவு, பதினேழு வயதான என் தம்பி யாருக்கும் தெரியாமல் வெளியே போக எழும்பினான். அவனோடு சேர்ந்து போக இன்னும் நாலைந்து பொடியன்மார் வேலியோரம் காத்து நின்றார்கள். எங்கள் உம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வாசற்படிக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுத்துக்கொண்டா. "என்ன மிதிச்சிக்கிட்டுப் போ மகன்" என்று மட்டும் சொன்னா. இத்தா முடியும் வரை என் மச்சி உள்ளறையில் இருந்தா. அந்த நாட்களெல்லாம் உம்மா வாசலில்தான் படுத்தா. தம்பி போகவில்லை. இன்று அவன் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். அவனுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்தக் கதையை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் அந்த ஜூலையில் சிக்காகோப் பள்ளிவாசல் ஒன்றில், ஜும்ஆவுக்குப் பிறகு, ஒரு கறுப்பினச் சகோதரியிடம் சொல்ல நேர்ந்தது. நான் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் பேச்சுக்குத் தடை இருக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சிஸ்டர், உங்கட தாய் செய்ததுதான் இன்றைக்கு என்ட உத்தியோகம். அதுக்கு அரசாங்கம் சம்பளம் தருது" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு அவர் விளக்கினார். ஊருக்குத் திரும்பிய பின்பும் அதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிக்காகோ என்றதும் நாம் உயர்ந்த கட்டடங்களைத்தான் நினைக்கிறோம். அந்நகரத்தின் தெற்கிலும் மேற்கிலும் வேறோர் உலகம் இருக்கிறது. ஒரு காலத்தில் உருக்குத் தொழிற்சாலைகளில் உழைத்து வாழ்ந்த மக்கள் அங்கே இருந்தார்கள். சவுத் வேர்க்ஸ் என்ற மிகப் பெரிய உருக்காலை 1992 இல் மூடப்பட்டது. வேலை போனது, கடைகள் மூடப்பட்டன, பாடசாலைகள் நலிந்தன. நகர மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே கறுப்பினத்தவர்கள். ஆனால் அங்கே சுட்டுக் கொல்லப்படுவோரில் பெரும்பான்மையினர் அவர்கள்தான். அமெரிக்கா முழுவதையும் எடுத்தால், 2020 ஆம் ஆண்டு தொடக்கம் சிறுவர்களும் பதின்ம வயதினரும் இறப்பதற்கான முதற் காரணமாகத் துப்பாக்கி ஆகிவிட்டது. நோயல்ல, வாகன விபத்தல்ல, துப்பாக்கி!

"அப்படியானால் துப்பாக்கியைத் தடை செய்தால் என்ன?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். 1791 இல் அவர்களது அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட திருத்தமொன்று ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிறது. சிக்காகோ நகரம் 1982 இலேயே கைத்துப்பாக்கிக்குத் தடை விதித்தது. 2010 இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஹைலன்ட் பார்க் கொலைகளுக்குப் பிறகு, 2023 ஜனவரியில், சிக்காகோ அமைந்திருக்கும் இலினோய் மாநிலம் இராணுவப் பாணித் துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் தெருவில் உயிர் குடிப்பது பெரும்பாலும் சிறிய கைத்துப்பாக்கிதான். சிக்காகோவில் பொலிஸார் கைப்பற்றும் துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் வெளி மாநிலங்களில் வாங்கப்பட்டவை. பக்கத்து இந்தியானா மாநிலம் அதில் முதலிடம் வகிக்கிறது. ஒரு மாநிலம் கதவை அடைத்தால் அடுத்த மாநிலத்தின் வேலியால் வந்துவிடுகிறது.

ஆகவே இலினோய் இன்னொரு வழியையும் எடுத்தது. 2021 இல் அம்மாநிலச் சபை ஒரு சட்டத்தை நிறைவேற்ற, ஆளுநர் ஜே. பி. பிரிட்ஸ்கர் அதில் கையொப்பமிட்டார். பொதுமக்களின் பாதுகாப்பைப் புதிதாகச் சிந்திக்கும் சட்டம் என்பது அதன் பெயரின் பொருள். அதில் புதிய தண்டனை முக்கியமல்ல. துப்பாக்கி வன்செயலைத் தொற்றுநோயைப் போல ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

சட்டம் செய்தது என்ன? மாநிலத்தின் மனித சேவைகள் திணைக்களத்தில் துப்பாக்கி வன்செயலைத் தடுப்பதற்கென்றே ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. 2016 முதல் 2020 வரை எந்தப் பகுதியில் எத்தனை பேர் சுடப்பட்டார்கள் என்பதை அந்தப் பகுதியின் சனத்தொகையோடு ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார்கள். இறந்தவர்கள் மட்டுமல்ல, காயப்பட்டவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். அந்தக் கணக்கின்படி சிக்காகோவில் 22 பகுதிகளும், மாநிலத்தின் வேறு சில நகரங்களும் தெரிவு செய்யப்பட்டன. எந்த அரசியல்வாதிக்கு வேண்டிய பகுதி என்பதல்ல, எந்தத் தாய்மார் அதிகம் அழுதார்கள் என்பதே அளவுகோல்! அந்தந்தப் பகுதியிலுள்ள அமைப்புகளுக்கே பணம் கொடுக்கப்படுகிறது. தெருவில் இறங்கிச் சண்டையைத் தணிப்பது, ஆபத்தின் விளிம்பில் நிற்கும் இளைஞனைத் தேடிப் பிடித்து வேலைக்கும் படிப்புக்கும் வழிகாட்டுவது, வெடிச்சத்தத்தில் மனம் உடைந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிப்பது ஆகியன அவர்களது பணி. அந்த ஆண்டு நவம்பரில், மூன்று ஆண்டுகளில் 250 மில்லியன் டொலர் செலவிடப்படும் என்று ஆளுநர் அறிவித்தார்.

சகோதரிகளே, இந்த எண்ணம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. கெரி ஸ்லட்கின் என்ற வைத்தியர் ஆபிரிக்காவில் காசநோய், கொலரா, எயிட்ஸ் என்று பல ஆண்டுகள் போராடிவிட்டு 1995 இல் சிக்காகோவுக்குத் திரும்பினார். துப்பாக்கிச் சூடும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதை அவர் கண்டார். இன்று சுடப்பட்டவனின் தம்பி நாளை சுடுகிறான். அவனால் சுடப்பட்டவனின் நண்பன் மறுநாள் சுடுகிறான். தொற்றை நிறுத்த வேண்டுமானால் அடுத்தவனைப் பிடிக்க வேண்டும் அல்லவா? 2000 ஆம் ஆண்டில் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் அவர் தொடங்கிய வேலைத்திட்டத்தில், அந்தத் தெருக்களிலேயே வளர்ந்து, ஒரு காலத்தில் தாங்களும் தவறிழைத்துத் திருந்தியவர்கள் தூதர்களாக அனுப்பப்பட்டார்கள். பொலிஸாரின் பேச்சைக் கேட்காத இளைஞன் அவர்களின் பேச்சைக் கேட்டான்.

அவர்களுள் புகழ்பெற்ற ஒருவர் அமீனா மெத்தியூஸ் என்ற முஸ்லிம் பெண். பெயர்பெற்ற கும்பல் தலைவர் ஒருவரின் மகளாகப் பிறந்து, தானும் அந்த வழியில் சென்று, பின்னர் மீண்டவர். ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கி 2011 இல் வெளிவந்த ஆவணப்படமொன்றில் அவரை உலகமே கண்டது. தலையில் முக்காட்டோடு, கோபத்தில் கொதிக்கும் வாலிபர்களின் நடுவே நின்று, ஒரு தாயின் உரிமையோடு அவர் பேசுவதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் உம்மாவின் நினைவுதான் வந்தது.

இனி அந்தப் பள்ளிவாசல் சகோதரியின் கதைக்கு வருகிறேன். அவருடைய மூத்த மகனுக்குப் பத்தொன்பது வயது. 2016 இல் தெருமுனையில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். வைத்தியசாலையில் மகனின் மையித்துக்குப் பக்கத்தில் நின்றபோது, இளைய மகனின் முகத்தைப் பார்த்தாராம். "அவன் அழல்ல சிஸ்டர். அதுதான் எனக்குப் பயம்" என்றார். அப்படியான நேரத்தில் வைத்தியசாலைக்கே வந்து, தம்பிமாரையும் நண்பர்களையும் பிடித்துவைத்துப் பேசுவதற்கு முன்பெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். அன்றைக்கு ஒருவரும் வரவில்லை.

ஏன் தெரியுமா? 2015 மார்ச்சில், அப்போதைய ஆளுநர் புரூஸ் ரவுனரின் நிர்வாகம் அந்த வேலைத்திட்டத்துக்கான பணத்தை நிறுத்தி வைத்தது. பின்னர் ஆளுநருக்கும் மாநிலச் சபைக்கும் இடையிலான இழுபறியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இலினோய்க்கு முழுமையான வரவு செலவுத் திட்டமே இல்லாமல் போனது. பல பகுதிகளில் அலுவலகங்கள் மூடப்பட்டன. தெருவில் நின்றவர்கள் வேலையிழந்தார்கள். 2016 இல் சிக்காகோவில் கொலைகள் 750 ஐத் தாண்டின. முந்திய ஆண்டில் அது 500 க்குக் குறைவு. இதற்குப் பல காரணங்கள் உண்டு, இந்த ஒன்றை மட்டும் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் மகனை இழந்த தாயின் மனம் அந்தக் கணக்கை அப்படித்தான் போடுகிறது.

அன்றிரவு அவர் இளைய மகனின் அறைக் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாராம். விடியும் வரை. மறுநாளும். அதற்கடுத்த நாளும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடல்களுக்கு அப்பால், வேறு நிறத்தில், வேறு மொழியில், எங்கள் உம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தா!

2021 இன் சட்டம் வந்த பிறகு, அந்தப் பணத்தில் இயங்கும் ஓர் அமைப்பு அவரை வேலைக்கு எடுத்தது. இப்போது எந்தத் தாயின் தொலைபேசி அழைத்தாலும் அவர் போகிறார். "தாய்க்கு ஆறுதல் சொல்ல நிறையப் பேர் வருவாங்க. நான் தம்பியைத் தேடித்தான் போறேன்" என்றார்.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். 2021 இல் சிக்காகோவில் ஏறக்குறைய 800 கொலைகள். 2024 இல் அது 600 க்குக் குறைந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் வேறு பல நகரங்களிலும் கொலைகள் குறைந்தன என்பதால், எல்லாப் புகழையும் இந்தச் சட்டத்துக்குக் கொடுக்க முடியாது. இத்தகைய திட்டங்களை ஆராய்ந்தவர்களும் ஓரிடத்தில் பலன் கண்டார்கள், இன்னோரிடத்தில் காணவில்லை. இருந்தாலும் மற்ற மாநிலங்களும் இவ்வழியில் வந்துள்ளன. கலிபோர்னியா 2019 இல் இப்படியொரு சட்டம் இயற்றியது. பின்னர் துப்பாக்கிக்கும் ரவைக்கும் 11 வீத வரி விதித்து, 2024 ஜூலை முதல் அதை அறவிடத் தொடங்கியது. அந்தப் பணம் வன்செயலைத் தடுக்கும் வேலைகளுக்குப் போகிறது. விற்பவனின் இலாபத்திலிருந்தே தடுப்பவளின் சம்பளம்! மாநிலச் சட்டம் ஏன் தேவை என்பதை 2025 ஏப்ரல் காட்டியது. அப்போது மத்திய அரசின் நீதித் திணைக்களம் நூற்றுக்கணக்கான மானியங்களை ஒரேயடியாக நிறுத்தியது. இத்தகைய அமைப்புகள் பலவும் அதில் அடிபட்டன.

எனக்கு விளங்கியது இதுதான். வாசலில் படுத்துக் கிடக்கும் தாய்மார் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு தாயால் ஒரு வாசலைத்தான் காக்க முடியும். அவளுடைய பொறுமையை ஒரு வேலையாக மதித்து, சட்டத்தில் எழுதி, சம்பளமும் வைத்தால் பத்து வாசல்களைக் காக்கலாம். அந்தச் சம்பளம் ஒரு வருடம் வந்து மறு வருடம் நின்றுபோனால், சட்டம் வெறும் காகிதம். 2016 இல் அந்த வைத்தியசாலையில் யாரும் வராததன் பொருள் அதுதான்.

விடைபெறும்போது அந்தச் சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட தாய் இருக்கிறாவா?" என்று கேட்டார். "இல்லை, 2009 இல் மௌத்தாகிவிட்டா" என்றேன். "அவவுக்கு யாராவது நன்றி சொன்னாங்களா?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் தம்பியிடம் இதைச் சொன்னேன். முப்பத்து மூன்று வருடங்களாக நாங்கள் பேசாத விடயம். அவன் நீண்ட நேரம் கடைக் கணக்குப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ராத்தா, அண்டைக்கு உம்மாவ மிதிச்சிக்கிட்டுப் போகத்தான் காலத் தூக்கினேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

சகோதரிகளே, நாம் மையித்து வீடுகளுக்குப் போகிறோம். தாயைக் கட்டியணைத்து அழுகிறோம். சோறு சமைத்துக் கொடுக்கிறோம். இனிமேல் போகும்போது இன்னொன்றும் செய்யுங்கள். மூலையில் அழாமல் நிற்கும் அந்தத் தம்பி எங்கே என்று பாருங்கள். அவனுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.