தேய்வதும் முதிர்வதும்

ஓசூர், ஜூன் 2, ஞாயிறு

வண்டியின் முன்பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தபோது, ஏழு வருஷங்களுக்கு முன் வண்டியோடு கொடுக்கப்பட்டு, ஒருமுறையேனும் நான் முழுமையாகப் படித்தறியாத கையேடு அகப்பட்டது. வண்டி இதுவரை 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வருஷந்தவறாமல் இன்ஜின் ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றி, பிரேக் கட்டைகளைப் பார்த்து, டயர்களை இடம் மாற்றிப் பூட்டி வந்திருப்பதால், செய்யவேண்டிய கடமை யாவும் செய்தாயிற்று என்ற திருப்தி என்னிடம் குடிகொண்டிருந்தது. ஆனால், நான் இத்தனை காலமும் செய்துவந்தவை அட்டவணையின் முதல் சில வரிகளே என்பதை அந்தப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கங்கள் தெளிவாகக் காட்டிவிட்டன. பிரேக் ஆயில், கூலன்ட், கியர் ஆயில், டைமிங் பெல்ட் என்று கீழே நீண்டுசெல்லும் வரிகளுக்கு எதிரே எந்தக் குறிப்பும் இல்லை.

இதில் எனக்கு விசேஷமான வருத்தம் உண்டு. 1980-ஆம் வருஷத்தில் அசோக் லேலண்டின் ஆலையும் டி.வி.எஸ். மொபெட்டும் உதித்த இவ்வூரில், சிப்காட் பேட்டையிலுள்ள ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் யந்திரங்களோடு வாழ்ந்தவன் நான். ஷிப்டு தொடங்குமுன் எண்ணெயிடுவது ஒன்று, வருஷத்துக்கொருமுறை ஆலையை நிறுத்தி யந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது வேறொன்று என்பதை எத்தனையோ இளைஞர்களுக்குப் போதித்திருக்கிறேன். வாசலில் நின்ற என் வண்டிக்கு அந்த நியாயத்தை வழங்கத் தவறினேன்.

ஜூன் 5, புதன்

பாகலூர் சாலையிலுள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசென்றேன். மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, தேநீர் நிறத்துக்கு மாறிப்போயிருந்த திரவத்தைக் காட்டி, "சார், இது எப்போ மாத்தினது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. டாட் 4 என்னும் தரத்தைச் சேர்ந்தது, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரையில் கொதியாமல் நிற்க வேண்டும். ஈரமேறிய பின்போ அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். மலைப்பாதையில் இறங்குகையில் தொடர்ந்து பிரேக் மிதித்து, அச்சூட்டில் திரவம் ஆவியாகுமானால், ஆவி அமுங்கக்கூடியதாதலால் பெடல் அடிவரை இறங்குமேயன்றி வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கொருமுறை மாற்றும்படி என் கையேடு சொல்வதன் காரணம் இதுவே.

பின்னர் அவர் உறையைக் கழற்றி டைமிங் பெல்ட்டைக் காட்டினார். அதன் முதுகில் மயிரிழை போன்ற வெடிப்புகள். "ஓட்டும்போது ஒரு சத்தமும் வராது சார், அறுந்தா அறுந்ததுதான்" என்றார். சங்கிலி பூட்டிய இன்ஜின்களும் உண்டு. என்னுடையது ரப்பர் பெல்ட்டை நம்புவது. அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் கால இசைவு இழந்து மோதிக்கொள்ளும். இன்ஜினையே பிரித்தாக வேண்டும். ஓட்டத்தினால் தேய்வதையும் அழுக்கடைவதையும் வருஷாந்திர சர்வீஸ் கவனித்துக்கொள்கிறது. காலத்தினால் முதிர்வதையோ, யாதொரு புகாரும் சொல்லாமல் உள்ளே இருந்து முதிர்வதனாலேயே, தேதி பார்த்துத் தேடிச்சென்று மாற்றவேண்டியிருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

வண்டி பட்டறையில் இருப்பதால் பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குப் பிரயாணம். சூளகிரியைத் தாண்டும் வரையில் கருங்கல் ஏற்றிய லாரிகளின் பின்னாலேயே சென்றோம். கையேட்டில் சிறிய எழுத்தில், தூசி மிகுந்த பாதையிலும் ஊர்ந்து செல்லும் நெரிசலிலும் ஓடும் வண்டிக்கு ஆயிலையும் ஏர் பில்டரையும் பாதித் தூரத்திலேயே கவனிக்குமாறு போட்டிருந்தது. ஒருபுறம் கற்பொடியும், மறுபுறம் ஜூஜூவாடியிலிருந்து அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வரையில் நீளும் வரிசையும் வாய்த்த இந்த எல்லைப் பிரதேசத்தில், அந்தச் சிறிய எழுத்துத்தான் நமக்குரிய அட்டவணை என்பது என் அபிப்பிராயம்.

மாலையில் கிருஷ்ணகிரி அணையைக் காணச் சென்றேன். காமராஜர் காலத்து அணை. 2017 நவம்பரில் இதன் எட்டு மதகுகளில் ஒன்று உடைந்து தென்பெண்ணையில் வெள்ளம் பாய்ந்ததை நினைத்துக்கொண்டு, இரும்புக்கும் வயது உண்டல்லவா என்று வெகுநேரம் அங்கே நின்றிருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. பெல்ட்டோடு அதன் டென்ஷனரும் தண்ணீர் பம்பும் மாற்றப்பட்டன. அவற்றை எட்டுவதற்கு மறுபடியும் அத்தனையையும் பிரிக்கவேண்டியிருக்குமாதலால் ஒரே கூலியில் முடிப்பதே உசிதம். செலவு, வழக்கமான ஆயில் சர்வீஸைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆயினும், சென்ற வருஷம் ஒரு சர்வீஸ் நிலையத்தில் இன்ஜின் கழுவும் மருந்துக்கும் உட்புற மெருகுக்கும் நான் தலையாட்டிக் கொடுத்த தொகையில் இதன் கணிசமான பகுதி அடங்கியிருக்கும். புஸ்தகத்தில் அவை எங்கும் இல்லை. அட்டவணையை அறிந்தவனுக்கு, வேண்டியதைக் கேட்டுப் பெறுவது போலவே வேண்டாததை மறுப்பதும் சாத்தியமாகிறது.

பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிவந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். தினமும் எல்லை கடந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குக் காரில் போய்வரும் மகன் அதை வளைத்துப் பார்த்து, வெடிப்புகளின்மேல் விரலை ஓட்டினான். "உன் வண்டிக்குப் பிரேக் ஆயில் எப்போதப்பா மாற்றினாய்?" என்றேன். சற்று யோசித்துவிட்டு, கையேட்டை எடுத்துவர எழுந்து போனான்.