திப்பிக்கு வெயில் மட்டும்தான் கதியா?

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ மில். வாசலில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மலையாகக் கிடக்க, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தோல் சீவுகிறார்கள். சயனைடு தரும் நச்சு தோலில்தான் அதிகம். கிழங்கு கழுவப்பட்டு அரவைக்குப் போகிறது. சல்லடைமேல் தண்ணீர் பாய, மாவுப்பால் தொட்டியில் இறங்குகிறது. மிஞ்சும் நார்ச்சக்கை தனியே விழுகிறது. அதுதான் திப்பி.

ஒரு பிடி அள்ளிப் பிழிந்தேன். விரலிடுக்கில் வெள்ளையாக நீர் வடிந்தது. உள்ளங்கையில் மாவு ஒட்டிக்கொண்டது. காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். அதைக் களத்தில் பரப்பிக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்கள். கிளறிக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: “வெயில் இருந்தாத்தான் தம்பி இதுக்கு மதிப்பு. ரெண்டு நாள் மழ புடிச்சா புளிச்சு நாறிப்போயிரும்.”

சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் 1943 வாக்கில், உலகப் போரால் இறக்குமதி நின்றபோது வேர்விட்டது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தத் தொழிலின் கழிவில் முதலில் விடிவு கண்டது மில்லின் கழிவுநீர்தான். ஓடைகளையும் கிணறுகளையும் கெடுத்த புளித்த நீரைக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்து, பல மில்களில் இன்று எரிவாயு எடுக்கிறார்கள். மில்லின் எரிபொருள் செலவு குறைந்தது, நாற்றமும் குறைந்தது. உடனே பலன் தெரிந்ததால் அது பரவியது.

திப்பிக்கும் வழி இல்லாமல் இல்லை. 1950-இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில், லோன்சானேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988-இலேயே இந்தச் சக்கையிலிருந்து எத்தனால் எடுத்துக் காட்டினார்கள். மாவைச் சர்க்கரையாக்குவதும் சர்க்கரையை நொதிக்க வைப்பதும் ஒரே கலத்தில், ஒரே சமயத்தில் நடந்தன. மரவள்ளியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அங்கும் இதே சக்கைதான் தலைவலி. திருவனந்தபுரத்தின் ஆய்வாளர் அசோக் பாண்டேயும் பிரேசிலின் கார்லோஸ் சோக்கோலும் மற்றவர்களும் கைகோத்து, இதில் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையை வளர்த்துச் சிட்ரிக் அமிலம் எடுப்பது முதல் காளான் வளர்ப்பது வரையிலான வழிகளை 2000-இல் தொகுத்து எழுதினார்கள்.

அந்தக் களத்தில் நின்றபோது எனக்கு ஒன்று உறைத்தது. இப்படிச் சக்கைமேலேயே பூஞ்சை வளர்க்கும் திட நொதித்தல் முறைக்கு ஈரச் சக்கைதான் வேண்டும். அப்படியிருக்க, முதலில் காயவைத்து, லாரியேற்றி, எங்கோ கொண்டுபோய் மறுபடி நனைப்பானேன்? அளவாகப் பிழிந்து ஆவியில் வேகவைத்து, மில்லிலேயே பூஞ்சை தூவலாம். வேகவைக்கக் கழிவுநீர் வாயு இருக்கிறது. பல மில்கள் சேர்ந்து ஒரு பொதுக் கூடம் போட்டால் முதலீடும் பகிர்ந்துபோகும். மழைக்காலத்தில் திப்பி வீணாவதும் நிற்கும்.

ஆய்வகத் தட்டில் நிரூபித்தாகிவிட்டது. அந்த அம்மா நிற்கும் களத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ஆய்வு நிறுவனங்களும் சேகோசர்வும் ஆத்தூரில் ஒரே ஒரு சோதனைக் கூடமாவது அமைக்க வேண்டும். கூடம் எப்படி அமைய வேண்டும் என்று திட்டமிடும்போது, திப்பி கிளறும் பெண்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.