கையெழுத்து நம்முடையதுதானே!

பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நாலு ஊர் தாண்டிப் போயும் விசாரிக்கிறோம். பல் வலித்தால்கூட "எந்த டாக்டர் கைராசிக்காரர்?" என்று பத்துப் பேரைக் கேட்கிறோம். நம் வரவு செலவை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது மட்டும், "தெரிந்தவர்தான், நம்ம ஆள்தான்" என்பதோடு நின்றுவிடுகிறோம். அப்படி நின்றவள்தான் நானும். பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இரண்டு தையல் இயந்திரங்களுடன் சிறு கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் தூக்கம் கிடையாது. பொங்கல் முடிந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். வரவெல்லாம் மேசை இழுப்பறையில், கடன் 555 புத்தகத்தில், ரசீதுகள் ஒரு பழைய மைலோ டின்னில். இதுதான் என் கணக்கு இலாகா!

வருமான வரிக் கணக்குக் கொடுக்க ஒருவர் வந்து போவார். கல்யாண விருந்தொன்றில் பக்கத்து இலையில் அமர்ந்தவர் சொல்லி அறிமுகமானவர். வருடத்துக்கு ஒருமுறை வந்து காப்பி குடிப்பார். "எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சு?" என்று வாய்க்கணக்காகக் கேட்டுக்கொள்வார். மைலோ டின்னை அவர் திறந்து பார்த்ததே இல்லை. எல்லாம் இணையத்தில் என்றானதும் என் சிங்பாஸ் கடவுச்சொல்லையே எழுதிக் கொடுத்தேன். கைத்தொலைபேசிக்கு வரும் எண்ணையும் அவர் கேட்டவுடன் சொல்லிவிடுவேன். வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுத்த கதைதான்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் ஏப்ரல் 18ஆம் தேதிக்குள் இணையத்தில் கணக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த வருடமும், "ஆச்சு அக்கா, அனுப்பிட்டேன்" என்றார். அனுப்பியதற்கு அத்தாட்சி எங்கே என்று நான் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து உள்நாட்டு வருவாய் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. என் கணக்கு வந்து சேராததால் அவர்களே உத்தேசமாக மதிப்பிட்டு வரி போட்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும். மகளின் பாலிடெக்னிக் கட்டணத்துக்காகச் சேர்த்திருந்த பணம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது. அந்த மனிதரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மணி அடித்தது, ஆள் எடுக்கவில்லை.

அன்றிரவு அப்பாவின் நினைவு வந்தது. ஜொகூர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் வீட்டுச் சுவரில் கரிக்கோடு ஒன்று போடுவார். சம்பள நாளன்று கோடுகளை எண்ணிய பிறகுதான் கிராணி முன்னால் போய் நிற்பார். "செக்ரோலை அவர் எழுதட்டும், நம்ம கணக்கு நம்மகிட்ட இருக்கணும்" என்பார். பள்ளிக்கூடம் போன எனக்கு அந்தக் கரிக்கோடு மறந்துவிட்டது.

என்னிடம் ரவிக்கை தைக்கும் அம்மாள் ஒருவர் சொல்லி, ஒரு கணக்காளரைப் பார்க்கப் போனேன். மகள் வயதுப் பெண். பணத்தைப் பற்றிப் பேசுமுன், "ரசீது எல்லாம் எங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். மைலோ டின்னை அவள் மேசையில் கவிழ்த்தேன். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "இதை மாசவாரியா அடுக்கிக் கொண்டுவாங்க. நீங்க அடுக்கினா செலவு குறையும்" என்றாள். வேலை இன்னது, கூலி இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள்.

"ஆடிட் பண்ணணுமாம்மா?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "தனியாள் நடத்துற கடைக்கு அது தேவையில்ல ஆன்ட்டி. தினமும் ஒரு நோட்டுல எழுதினாலே பாதி வேலை முடிஞ்சிடும்" என்றாள்.

விடுபட்ட கணக்கை அனுப்பினோம். கெடுவுக்குள் கட்டவேண்டிய வரிக்கு மகளின் பணம் போனது; அவள் கட்டணத்துக்கு என் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. பிறகு வரி திருத்தப்பட்டு அதிகப்படித் தொகை திரும்பி வந்தது, வளையல்களும் வந்தன. தாமதத்துக்கான அபராதம் மட்டும் போனது போனதுதான்.

அன்று முதல் நான் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். கணக்கெழுதித் தருகிற வேலையை யாரும் செய்யலாம். ஆனால் தணிக்கை செய்து கையெழுத்திட, அக்ரா எனப்படும் ஆணையத்தில் பதிவு பெற்ற பொதுக் கணக்காளரால்தான் முடியும். அந்தப் பட்டியலை அக்ராவின் இணையப் பக்கத்தில் எவரும் பார்க்கலாம். முன்பு சி.பி.ஏ. என்று போட்டுக்கொண்டவர்கள் 2013 முதல் சி.ஏ. (சிங்கப்பூர்) என்று போடுகிறார்கள். அவர்கள் சிங்கப்பூர்ப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர்கள். மலேசிய வாசகர்கள், 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியக் கணக்காளர் கழகத்தில் ஒருவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பெரிய பட்டக்காரர்தான் வேண்டும் என்பதில்லை. ஆண்டு வரவு 200,000 வெள்ளியைத் தாண்டாத என் போன்ற கடைக்காரர்கள், மொத்த வரவு, வரிக்குரிய லாபம் என்று இரண்டே எண்களைக் கொடுத்தால் போதும். ரசீதுகளை மட்டும் ஐந்தாண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விற்பனை ஆண்டுக்குப் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பொருள் சேவை வரிக்குப் பதிய வேண்டும். கம்பெனி என்று ஆரம்பித்தால் அதற்கு வேறு விதிகள். அப்போது விவரம் தெரிந்தவர் துணை அவசியம்.

யாரிடம் போனாலும் முதலில் கூலியை எழுத்தில் வாங்குங்கள். கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள், முகவருக்கு அதிகாரம் அளிக்க முறையான வழி இருக்கிறது. எண்களைப் படித்துப் பார்த்த பிறகே சம்மதியுங்கள். அனுப்பிய அத்தாட்சியை வாங்கி வையுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லச் சலித்துக்கொள்கிறவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். கணக்கை எழுதுகிறவர் யாராக இருந்தாலும், ஆணையம் கேள்வி கேட்பது நம்மைத்தான்.

மைலோ டின் இன்னும் கடையில்தான் இருக்கிறது, பொத்தான்கள் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே ஒரு கோடு போட்ட நோட்டு. கடையைச் சாத்துமுன் அன்றைய வரவு செலவை அதில் எழுதாமல் விளக்கை அணைப்பதில்லை. அது என் கரிக்கோடு. உங்கள் வீட்டுச் சுவரில் கோடு இருக்கிறதா, வாசகர்களே?