மெழுகு வாங்கித் தந்த நிலம்

பெயர் தெரியாத ஓவியத்துக்குச் சந்தையில் மதிப்பில்லை. என் நண்பர் ஒருவர், காலஞ்சென்ற தம் அப்பாவின் பெட்டியில் கிடைத்த துணி ஓவியம் ஒன்றை ஓவிய வியாபாரி ஒருவரிடம் காட்டப்போய் இதைத் தெரிந்துகொண்டு வந்தார். "கையெழுத்து இல்லையே சார். சோழமண்டலத்து ஆள் யாராவது போட்டதுன்னு உறுதியாச்சுன்னா வேற விலை. இல்லேன்னா இது ஜன்னல் திரைதான்" என்றாராம் வியாபாரி. நண்பர் துணியை என்னிடம் கொடுத்து, "யார் செஞ்சதுன்னு பார்த்துச் சொல்லேன்" என்றார். எனக்கோ யார் செய்தது என்பதைவிட எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் ஆர்வம் மூண்டது.

அது மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் பாத்திக் வேலை. பருத்தித் துணி, ஓர் ஆள் கைவிரித்துப் பிடிக்கிற அகலம். இடப்பக்க மேல் மூலையில் சிவப்பு வட்டம். அதன் கீழே படிப்படியாக இறங்கும் மஞ்சள் கட்டங்கள். கட்டங்களுக்குள், பழைய ஜாதகக் கட்டத்தில் எழுதியதுபோல் நெருக்கமான பழுப்புக் கீறல்கள். எழுத்தோ என்று கண்ணை இடுக்கிப் பார்த்தால் எந்த மொழியும் அதில் இல்லை. கீழ்ப்பாதி அடர்பழுப்பு, அதில் நாலைந்து வெள்ளைக் கோடுகள். மனிதரும் இல்லை, மாடும் மரமும் இல்லை. 1960களின் நடுவில் சென்னையில் ஒரு கண்காட்சியில் அப்பா வாங்கியது என்பதற்குமேல் நண்பர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் காலமும் அந்த ஊரும் சேர்ந்தால் ஒரு பெயர் தானாக வந்து நிற்கும்: கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னைக் கலைப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் அதன் முதல்வரானார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. கைத்தொழில் கற்பிக்கத்தான் அதைத் தொடங்கினார். ஓவியமும் சிற்பமும் பிற்பாடு முன்வரிசைக்கு வந்தன. பணிக்கரின் காலத்தில் அங்கிருந்து திறமையான பிள்ளைகள் படித்து வெளியே வந்தார்கள். வந்து என்ன செய்வது? நவீன ஓவியம் வாங்க அன்றைய சென்னையில் ஆள் ஏது? விளம்பரக் கம்பெனிக்கோ, துணி மில்லின் டிசைன் பிரிவுக்கோ போய்ச் சேர்ந்தால் ஓவியம் அத்தோடு போயிற்று.

வழி பாத்திக்கில் கிடைத்தது. காலையில் துணியில் மெழுகு தீட்டு; விற்ற காசில் சாப்பிடு; மிச்ச நேரத்தில் உனக்குப் பிடித்த ஓவியத்தை வரை. இந்த எண்ணத்தில் 1963 வாக்கில் கலைஞர் கைவினைச் சங்கம் என்ற ஒன்றை ஆரம்பித்தார்கள். துணி விற்றது. அந்தப் பணத்தைச் சேர்த்து, ஊருக்கு வெளியே இஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்காட்டில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் அது சோழமண்டலம் ஓவியர் கிராமமாயிற்று. அரசாங்க மானியத்திலோ வள்ளல் ஒருவரின் தயவிலோ எழுந்த ஊரல்ல அது. உலை வைத்து மெழுகு உருக்கிய காசில் எழுந்தது.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் இறங்கி உள்ளே போனால், 2009-இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை ஓவிய இயக்கம் என்றால் என்ன என்பதை ஒரே நடையில் பார்த்துவிடலாம். பணிக்கரின் 'சொற்களும் குறிகளும்' வரிசை ஓவியங்களின் பாணியைத் தெரிந்தவர்களுக்கு என் கையிலிருந்த துணி துணுக்கென்று இருக்கும். அந்த வரிசையை அவர் தொடங்கியதும் அதே 1963-இல்தான். மலையாள எழுத்தின் சாயலில் ஆனால் வாசிக்க முடியாத வரிகள், கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டங்கள், மீன், பாம்பு. மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டைப் பார்த்தபோது அந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள்.

'ஆகவே இது பணிக்கர்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வியாபாரிக்குச் சந்தோஷம். ஆனால் கட்டமும் கீறலும் அன்று அந்தக் கூட்டத்தில் பலர் கையிலும் புழங்கிய சரக்கு. எஸ்.ஜி. வாசுதேவ் எண்ணெய் வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசி, மேலே உள்ளதைச் சுரண்டி அடிநிறத்தைக் கோடாக வெளியே கொண்டுவருவார். பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டி ஒட்டி, கோயில் கவசத்தின் நினைவு வருகிற சிற்பங்கள் செய்தார். கோடுதான் அந்தக் கூட்டத்தின் பொதுச்சொத்து. அதை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. செய்முறையைத் தெரிந்த ஒருவர் துணியைப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒருவரை நண்பரின் நண்பர் காட்டிக்கொடுத்தார். சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கொட்டகை. அறுபதைக் கடந்த அம்மா ஒருவர். கூட ஒரு பையன். மண்ணெண்ணெய் அடுப்பில் அலுமினியச் சட்டி. சட்டிக்குள் தேன் நிறத்தில் மெழுகு.

நான் துணியைப் பிரிக்கப் போனேன். "இருங்க தம்பி, மெழுகு பக்குவத்துல இருக்கு, அதை முடிச்சுட்டு வரேன்" என்றுவிட்டார். அந்தப் பக்குவத்தில்தான் தொழிலே இருக்கிறது என்பது நின்று பார்த்தபோது புரிந்தது. பிரஷ்ஷைச் சட்டியில் தோய்த்து, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஒரே இழுப்பு. தயங்கினால் அந்த இடத்தில் மெழுகு குண்டு கட்டிவிடும். சூடு குறைந்தால் மெழுகு துணிமேல் வெள்ளையாக உட்காரும். சாயம் அடியில் புகுந்து கோட்டைத் தின்றுவிடும். சரியான சூட்டில் இழுத்தால் பட்ட இடம் உடனே கண்ணாடிபோல் தெளியும், துணிக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியும். சட்டியில் புகை கிளம்பினால் அடுப்பைத் தணிக்க வேண்டும், விட்டால் தீப்பிடிக்கும். வெப்பமானி கிடையாது. ஓரத்துச் சீலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான்.

சட்டியில் இருப்பது ஒரே மெழுகு அல்ல. பாரஃபினும் தேன்மெழுகும் கலந்தது. "பாரஃபின் மட்டும் போட்டா அப்பளம் மாதிரி நொறுங்கும். தேன்மெழுகு மடங்கும், ஆனா உடையாது. எங்க உடையணும், எங்க உடையக் கூடாதுன்னு முன்னாடியே மனசுல வெச்சுக்கிட்டுத்தான் கலக்கணும்" என்றார். பாத்திக் துணியில் நாம் ரசிக்கிற வெடிப்புக் கோடுகள் தற்செயல் என்றே பலர் நினைக்கிறோம். மெழுகு இறுகிய துணியைக் கையால் கசக்கி, அந்த விரிசலுக்குள் சாயம் இறங்கவிடுவது அது. விரிசல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைக் கசக்குகிற கை தீர்மானிக்கிறது.

சாயத் தொட்டிகளின் கணக்கு நீளமானது; எத்தனை கிராமுக்கு எத்தனை காஸ்டிக் சோடா என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். கண்ணுக்கு முன் நடந்ததை மட்டும் சொல்கிறேன். முதல் தொட்டி நாப்தால். அதில் முக்கிய துணி வெளிறிய மஞ்சளாகத்தான் வெளியே வந்தது. சாயம் ஏறியதாகவே தோன்றவில்லை. அதைப் பிழியாமல் வடியவிட்டு, 'சால்ட்' என்று அவர்கள் சொல்லும் இரண்டாவது தொட்டியில் இறக்கினார். தண்ணீரைத் தொட்ட கணமே துணி அடர்சிவப்பாகச் சீறிக்கொண்டு மாறியது. எல்லாம் ஆறிய தண்ணீரில்தான் நடக்க வேண்டும். சூடான சாயத்தில் மெழுகு உருகிவிடும் அல்லவா?

பிறகு என் துணியைக் கையில் வாங்கினார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. அச்சு இல்ல, நெஜ வேலை." பிறகு வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, செய்ததைப் பின்னோக்கி வாசிக்கத் தொடங்கினார். மூன்று முறை முக்கியிருக்கிறார்கள்: முதலில் மஞ்சள், அடுத்து காவி, கடைசியாகப் பழுப்பு. கீழ்ப்பாதியில் உள்ள வெள்ளைக் கோடுகள் எல்லாவற்றுக்கும் முன்னால் பிரஷ்ஷால் இழுத்த மெழுகு. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் பிரஷ் முதலில் தொட்ட இடம் சற்றுப் பருத்திருக்கிறது. சிவப்பு வட்டம் தொட்டியில் முக்கியது அல்ல. சுற்றிலும் மெழுகால் வரப்புக் கட்டி, உள்ளே பிரஷ்ஷால் சாயம் தொட்டு வைத்தது. "இங்க பாருங்க" என்று விரல் வைத்த இடத்தில், வரப்பு மெலிந்து சிவப்பு ஒரு நூல் அளவு வெளியே கசிந்திருந்தது. வட்டத்தின்மேல் வெடிப்பே இல்லை. தேன்மெழுகு போட்டு மூடியிருக்கிறார்கள். மஞ்சள் கட்டங்கள் முழுக்க வெடிப்பு. அங்கே பாரஃபின் தூக்கல்.

ஜாதகக் கீறல்கள்? நான் பிரஷ் வேலை என்று நினைத்திருந்தேன். "பிரஷ் இல்ல தம்பி, ஆணி" என்றார். கட்டத்தை மெழுகால் முழுக்க மூடி, இறுகியதும் ஆணி முனையால் மெழுகைக் கீறி, அப்புறம் பழுப்புச் சாயத்தில் முக்கியிருக்கிறார்கள். கீறிய வழியே சாயம் இறங்கிக் கோடாகியிருக்கிறது. மெழுகை இழுத்தால் வெளிச்சக் கோடு, மெழுகைக் கீறினால் இருட்டுக் கோடு. ஒரே துணியில் இரண்டையும் எதிரெதிரே வைத்திருக்கிறார் அந்த ஓவியர். வாசுதேவ் எண்ணெய் வண்ணத்தில் செய்ததற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. பாத்திக் என்பது பிழைப்புக்கு, ஓவியம் என்பது உயிருக்கு என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். கையில் அந்தப் பிரிவு இருந்திருக்காது. காலையில் மெழுகில் கீறிப் பழகிய விரல், மாலையில் கான்வாஸ் முன்னால் மறந்தா போகும்?

கடைசியாக ஒரு மூலையைத் தடவிப் பார்த்து, "இத வேகவெச்சவங்க அவசரப்பட்டுட்டாங்க. மெழுகு இன்னும் இருக்கு" என்றார். நான் தொட்டேன், அந்த ஓரம் விறைப்பாக இருந்தது.

வேகவைப்பது அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை. பதினாறு வயதில் ஒரு பட்டறையில் அதற்குத்தான் சேர்ந்தாராம். சாயம் முடிந்த துணியைச் சோடா உப்புப் போட்ட கொதிநீரில் இறக்கி, கழியால் புரட்டி, மேலே மிதந்துவரும் மெழுகை வழித்தெடுத்து, மறுபடியும் கொதிநீர். ஆவியில் நின்று நின்று முகம் கறுக்கும். மெழுகு இழுப்பது ஆண்கள். அவர்களுக்கு 'ஆர்ட்டிஸ்ட்' என்று பெயர். வேகவைப்பது, அலசுவது, காயவைப்பது பெண்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. அங்கே மெழுகு இழுத்தவரையே கல்யாணம் செய்துகொண்டார். கணவருக்கு உடம்பு முடியாமல் போனபோது பிரஷ் இவர் கைக்கு வந்தது. அதுவரை ஒருநாளும் தொட்டதில்லை. "பாத்துப் பாத்தே கை பழகியிருந்துச்சு" என்றார். காஸ்டிக்கில் தோல் உரிந்து உரிந்து உள்ளங்கை ரேகை மழுங்கிவிட்டது. கட்டைவிரல் வைக்கிற மெஷின் ரேஷன் கடையில் அவரை அடையாளம் காண்பதில்லை.

1990களில் ஒரு பெரிய அடி. குறிப்பிட்ட சில அசோ சாயங்கள் உடம்புக்குக் கேடு என்று ஜெர்மனி 1994-இல் தடை போட்டது; பிறகு இந்தியாவும் போட்டது. நாப்தால் வகையில் சிலவும் அதில் வரும். தடை நியாயமானதுதான்; அந்தச் சாயத்தில் கையை விட்டவர்களுக்குத்தான் முதல் ஆபத்து. ஆனால் நடந்தது என்ன? அதுவரை இன்ன சாயம்தான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டிருந்த ஏற்றுமதிக்காரர், கட்டுக்கட்டாகத் துணியைத் திருப்பி அனுப்பினார். நஷ்டத்தைப் பட்டறை தாங்கிற்று. இன்றும் அதே கதை, கடைதான் வேறு. துப்பட்டா ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. வெடிப்புக் கோடு 'சீராக' இல்லை என்று கழிவு. பாக்கி அடுத்த மாதம். அதே கடையில் வெடிப்புக் கோட்டையும் சேர்த்து அச்சடித்த மெஷின் துணி 'பாத்திக்' என்ற சீட்டோடு தொங்குகிறது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற வாடிக்கையாளர் எத்தனை பேர்? திருப்பிப் பார்க்காதே என்பதுதான் இடைத்தரகரின் வியாபாரமே. ஓவிய வியாபாரி செய்வதும் அதுதான். அவர் துணியைத் திருப்பாமல் கையெழுத்தைத் தேடுகிறார்.

பணிக்கரும் மாணவர்களும் ஜெயித்த ரகசியம் இங்கே இருக்கிறது. அவர்கள் மெழுகும் தீட்டினார்கள், தங்கள் சங்கத்தின் வழியே தாங்களே விற்றார்கள். நடுவில் ஆள் இல்லாததால் காசு நிலமாயிற்று. கொட்டகையில் இருக்கும் அம்மாவின் கைத்திறன் அவர்களுக்குக் குறைந்ததா? சங்கம் இல்லை, அவ்வளவுதான். அதே 1960களில் கடலுக்கு அப்பால் இலங்கையில் ஈனா டி சில்வா பாத்திக்கைக் கையில் எடுத்தார். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் கூரையடியில் ஈனா வடிவமைத்த பாத்திக் விதானத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். பிற்காலத்தில் மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் பெண்களைத் திரட்டிக் கைவினைக் கூட்டுறவும் நடத்தினார். நம் பக்கத்தில் 'பாத்திக் விற்று நிலம் வாங்கினார்கள்' என்ற ஒரு வரியோடு சமாச்சாரம் முடிந்துவிடுகிறது. வாங்கிய நிலத்தைக் கொண்டாடுகிறோம். விற்ற துணியைக் கேட்பாரில்லை.

நண்பருக்கு நான் எழுதிக் கொடுத்த தாள் இதுதான்: "பருத்தித் துணி, பாரஃபின், தேன்மெழுகு, மூன்று முக்கு, ஒரு கைத்தொடுப்பு, பிரஷ், ஆணி. சென்னை, 1960களின் நடுப்பகுதி என்பது குடும்பத்தார் சொல். மெழுகு தீட்டியவர் பெயர் இல்லை. வேகவைத்தவர் பெயர் இல்லை. வலது கீழ் மூலையில் மெழுகு மிச்சம்." வியாபாரி அதைப் படித்துவிட்டு, அந்த மூலையைச் சுத்தம் செய்தால் நல்லது என்றாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தத் துணியில் வேகவைத்தவர் விட்டுப்போன கையெழுத்து அது ஒன்றுதான்.