வேளாங்கண்ணிக் கூட்டத்தில் பேத்தி

ஆகஸ்ட் மாதக் கடைசியில் மணமேல்குடிக் கடைத்தெருவில் நின்றால், காவியுடை தரித்து, மாதா சுரூபம் தாங்கிய சிறு தேரை இழுத்தவாறு வடக்கு நோக்கி நடக்கும் யாத்திரிகரைக் காணலாம். கட்டுமாவடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வழியாக வேளாங்கண்ணி செல்வோர் இவர்கள். சென்ற ஆண்டு நாமும் குடும்பத்துடன் புறப்பட்டோம். பேருந்தில்தான், நடக்க முழங்கால் இடந்தரவில்லை.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம்; செப்டம்பர் 8 மாதாவின் பிறந்த நாள். நாம் போய் இறங்கியதோ 7ஆம் தேதி மாலை, பெரிய தேர் புறப்படும் வேளை. அதுவே நாம் செய்த பிழை. மெழுகுவர்த்திக் கடையில் காசு எடுக்கக் கையை விட்ட நொடியில், ஐந்து வயதுப் பேத்தியைக் காணவில்லை. பெயர் சொல்வாள்; ஊர் கேட்டால் "எங்க வீடு" என்பாள். ஒலிபெருக்கியிலோ வேறு யார் யாரோ தொலைந்த செய்தி. நாற்பது நிமிடம் ஓடியலைந்தோம். கடற்பக்கம் திரும்பவே நெஞ்சு நடுங்கிற்று. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தபோது, இதே கரையில் எத்தனை பெற்றோர் இப்படித் தேடினரோ!

சோர்ந்து கடைக்கே திரும்பினால், காவியுடைப் பெரியவர் ஒருவர் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அங்கேயே நிற்கிறார். "தேடுறவங்க இங்கதானே வரணும்" என்றார். அது நமக்குத் தோன்றவில்லை.

இவ்வாண்டு கொடியேற்றத்துக்கு மூன்றாம் நாள் விடியலிலேயே போய்ச் சேர்ந்தோம். ஊரும் தொலைபேசி எண்ணும் எழுதிய துணியைப் பேத்தியின் சட்டையின் உட்புறம் தைத்திருந்தோம். பிரிந்தால் மாதா குளத்தருகே கூடுவதென்றும் பேசிக்கொண்டோம். அவளோ வழியெல்லாம் அந்தத் தாத்தாவையே தேடிக்கொண்டு வந்தாள்.