காளை தமிழனான கதை

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

திருப்பூரில் 'சீசன்' என்றால் அது ஆர்டர் சீசன்தான். ஐரோப்பாக்காரன் கோடையில் போடுகிற பனியனை நாம் மார்கழிக் குளிரில் தைப்போம். அவன் கிறிஸ்துமஸுக்கு வாங்குகிற சட்டையை நாம் ஆடிக் காற்றில் பெட்டி கட்டுவோம். பருவங்கள் இங்கே பஞ்சாங்கத்தைப் பார்த்து வருவதில்லை, பையரைப் பார்த்துத்தான் வருகின்றன. ஆனால் இந்த ஊரில் என்னைப் போன்ற சிலருக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் இன்னொரு சீசனும் உண்டு. அது தமிழ்நாடு பிரிமியர் லீக் கிரிக்கெட். அந்த மாதத்தில் நாங்கள் கொஞ்சம் பைத்தியம் என்று வீட்டில் சொல்வார்கள். அதை நான் மறுக்கப் போவதில்லை.

சென்னை சூப்பர் கிங்ஸ் தோற்றால் மாநிலமே அழுகிறது. தேநீர்க்கடையில் முன்பின் தெரியாதவர் தோளில் சாய்ந்துகூட அழலாம். திருப்பூர் தமிழன்ஸ் தோற்றால் அழுவதற்கு ஆள் தேட வேண்டும். நம் கல்லூரியில் எனக்குத் தெரிந்து எங்கள் வகுப்பில் மூவர், வேதியியலில் ஒருவர், விளையாட்டு மைதானத்தில் டென்னிஸ் பந்து ஆடும் கூட்டத்தில் அரை டஜன் பேர். மற்றவர்கள், "நம்மூருக்கு டீம் இருக்கா?" என்று கேட்பவர்கள்.

அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. இந்த அணி திருப்பூரில் பிறக்கவில்லை. 2016-ஆம் ஆண்டு இந்தப் போட்டி எட்டு அணிகளோடு தொடங்கியபோது இதற்குக் காரைக்குடிக் காளை என்று பெயர். பத்ரிநாத் தலைமையில் ஆடிய அணி. 2019 வரை காளையாகவே ஓடியது. 2020-இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. 2021-இல் போட்டி மீண்டும் தொடங்கியபோது காளை தமிழனாகிவிட்டது, காரைக்குடி திருப்பூராகிவிட்டது. அந்த ஆண்டு எல்லா ஆட்டங்களும் சேப்பாக்கத்திலேயே, பார்வையாளர் இல்லாத காலி மைதானத்தில் நடந்தன. நமக்கென்று ஓர் அணி வந்தது. அதைப் பார்க்க யாரையும் உள்ளே விடவில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'தமிழன்' ஒருமை. அதன் வாலில் ஓர் ஆங்கில 'ஸ்'ஸை ஒட்டிப் பன்மையாக்குவது எந்த இலக்கணத்தில் அடங்கும் என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் ஒருமுறை வகுப்பில் கேட்டார். நன்னூலில் இடமில்லை, உண்மைதான். ஆனால் ஐயா, காங்கயம் சாலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். எக்ஸ்போர்ட்ஸ், காட்டன்ஸ், டையர்ஸ், நிட்டிங்ஸ், பேஷன்ஸ்! 'ஸ்' இல்லாத பெயர்ப்பலகையை இந்த ஊரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வகையில் 'தமிழன்ஸ்' அசல் திருப்பூர்ப் பெயர் என்பது என் தாழ்மையான கருத்து.

சொந்த மைதானமும் கிடையாது. திருப்பூர் அணியின் ஆட்டத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் ஐம்பது கிலோமீட்டர் பயணம் செய்து கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்துக்குப் போக வேண்டும். அங்கே இருக்கைகளில் பாதிக்கு மேல் கோவை கிங்ஸின் ஆட்கள். கேப்டன் சாய் கிஷோர் சென்னைக்காரர். "மண்ணும் நம்முடையதில்லை, ஆளும் நம்முடையவர் இல்லை, எதை வைத்தடா நம்ம டீம் என்கிறாய்?" என்று வேதியியல் நண்பனின் அண்ணன் ஒருமுறை கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

பதில் சொன்னவர் என் அப்பா. அவருக்குக் கிரிக்கெட்டில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. சிவகங்கைப் பக்கம் வானம் பார்த்த பூமியை விட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த ஊருக்கு வந்தவர். கைமடிப்பில் தொடங்கி, இன்று கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். இரவுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அந்த டீமு காரைக்குடியில இருந்து வந்துச்சுன்னுதானே சொன்ன? நாங்களும் அங்கிட்டு இருந்து வந்தவங்கதான். நாங்க வந்தப்ப எங்களையும் யாரும் நம்மாளுன்னு சொல்லல. இருந்து வேலை செஞ்சா ஊரு தன்னால சேத்துக்கும்." பிறகு மோர் கேட்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. எனக்கு அன்றுதான் தொடங்கியது என்று சொல்லலாம்.

ஊர் சேர்த்துக்கொள்கிற அளவுக்கு அணி வேலை செய்ததா என்றால், முதல் மூன்றாண்டுகள் இல்லை. 2021, 2022, 2023 ஆகிய மூன்று தொடர்களிலும் பிளே ஆஃப் பக்கம்கூடப் போகவில்லை. 2024-இல் போனோம். போய், முதல் தகுதிச் சுற்றில் கோவையிடம் தோற்றோம். இரண்டாவது தகுதிச் சுற்றில் திண்டுக்கல் டிராகன்ஸிடம் 108 ஓட்டங்களுக்குச் சுருண்டு, 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம். அஸ்வின் எங்களை அடித்த அடி இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த இரவு நான் யாரோடும் பேசவில்லை. இறுதிப் போட்டியிலும் திண்டுக்கல்லே வென்று கோப்பையைக் கொண்டுபோனது.

இங்கே கொஞ்சம் கடல் கடந்து போய் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கிரீன் பே என்று ஓர் ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். நம் திருப்பூருக்குப் பக்கத்தில் வைத்தால் சிறு பிள்ளை. அங்கே ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி உண்டு. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதை அவர்கள் ஏன் கால்பந்து என்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். 1919-இல் அந்த அணி தொடங்கியபோது உடை வாங்கப் பணமில்லை. அவ்வூரில் இறைச்சியை டப்பாவில் அடைக்கும் ஒரு பேக்கிங் கம்பெனி 500 டாலர் கொடுத்தது. அதனால் அணியின் பெயரே 'பேக்கர்ஸ்' ஆயிற்று. 1923-இல் பண நெருக்கடி வந்தபோது ஊர் மக்களுக்கே பங்குகளை விற்றார்கள். இன்று அதற்கு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள். ஒரு காசு லாபம் கிடைக்காது. பங்கை விற்றுக் காசாக்கவும் முடியாது. பொருளியல் படிக்கிறவனுக்கு இப்படி ஒரு முதலீடு புரியவே கூடாது. ஆனால் எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. நான் மாலையில் வேலைக்குப் போவது ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியின் பேக்கிங் பிரிவுக்கு. பேக்கிங்காரர்கள் பெயரில் உலகத்தில் ஓர் அணி இருக்கிறது என்று போய்ச் சொன்னபோது அங்கே எழுந்த ஆரவாரம் சூப்பர்வைசரை ஓடிவர வைத்தது.

அந்தப் பேக்கிங் பிரிவில்தான் திருப்பூர் தமிழன்ஸின் மிகப் பெரிய ரசிகரைக் கண்டேன். ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்திலிருந்து வந்த அண்ணன் அவர். வயது முப்பதுக்குள். எங்களைவிட வேகமாகப் பாலிபேக் மடிப்பார். ஏழாண்டுகளாக இங்கே இருப்பவர். எங்களுக்காவது கல்லூரி, உறவு, கோவில் திருவிழா என்று ஊரோடு பல பிடிப்புகள் உண்டு. அவருக்கு அறை, கம்பெனி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, இந்த அணி, இவ்வளவுதான். "தம்பி, இன்னிக்கு நம்ம டீம் மேட்ச்" என்பார். அந்த 'நம்ம'வை அவர் சொல்லும்போது வேதியியல் நண்பனின் அண்ணன் அங்கே இருந்திருக்க வேண்டும்.

2025 ஜூன் 5-ஆம் தேதி தொடர் தொடங்கியது. அன்றே அண்ணன் ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, மார்க்கர் பேனாவால் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார். எட்டு அணி, வெற்றி, தோல்வி, புள்ளி. அணிகளின் பெயரை ஒடியாவில் எழுதியிருந்தார். திருப்பூரை மட்டும் தமிழில், என்னைக் கேட்டு எழுதினார். 'ரு'வும் 'பூ'வும் வரைய அவர் பட்ட பாடு தனிக்கதை. தொழிற்சாலைக்குள் கைப்பேசி கூடாது. அதனால் தேநீர் இடைவேளையில் வாசலுக்கு ஓடிப் பார்த்து வந்து ஸ்கோர் சொல்வது என் வேலை.

ஜூன் 8, ஞாயிறு. கோவையில் திண்டுக்கல்லோடு ஆட்டம். நாங்கள் நால்வர் பேருந்தேறிப் போனோம். அதுதான் அஸ்வின் கோபப்பட்ட ஆட்டம். சாய் கிஷோரின் பந்தில் எல்.பி.டபிள்யூ. என்று தீர்ப்பளித்தவர் ஒரு பெண் நடுவர். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்ததுபோல்தான் மறுகாட்சியில் தெரிந்தது. ஆனால் வாக்குவாதம் செய்து, மட்டையால் காலில் அடித்துக்கொண்டு போனதற்காக அவருக்கு ஆட்ட ஊதியத்தில் 30 சதவீதம் அபராதம் விதித்தார்கள். மறுநாள் கம்பெனியில் இதுவே பேச்சு. செக்கிங் பிரிவு அக்காமார் ஒருவரும் கிரிக்கெட் பார்ப்பவரல்லர்; ஆனால் அத்தனை பேரும் நடுவர் பக்கம். "ஸ்டிக்கர் ஒட்டிட்டா ஒட்டினதுதானுங்க. டெய்லர் வந்து கத்துனா டேமேஜு இல்லேன்னு ஆயிருமா?" என்றார் ஓர் அக்கா. தினமும் ஓவர்லாக் டெய்லர்களோடு மல்லுக்கு நிற்கிறவர் அவர். இதைவிடத் தெளிவாக எந்த வர்ணனையாளரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஆட்டத்தில் திண்டுக்கல் 93-க்குச் சுருண்டது; நாம் 9 விக்கெட்டில் வென்றோம். போன ஆண்டுக் கணக்கு அப்படியே திரும்பி வந்தது. ஆனால் அட்டையின் உச்சியில் உட்கார்ந்திருந்தது சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸ். லீக் சுற்றில் ஏழு ஆட்டம், ஏழும் வெற்றி. அந்த ஏழில் ஒன்று எங்களைத் தோற்கடித்தது. இப்படிப்பட்ட அணியோடு முதல் தகுதிச் சுற்று என்றதும் நான் மனத்தளவில் தோல்விக்குத் தயாராகிவிட்டேன். மூன்றாண்டுப் பழக்கம் அது. திருப்பூர் ரசிகனாக இருப்பவன் நம்பிக்கையைச் சில்லறையாகத்தான் செலவழிப்பான். அண்ணன் அப்படியில்லை. ஆட்டத்துக்கு முன்பே வெற்றிக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டார். சேப்பாக்கத்தை நாம் தோற்கடித்தோம், அதுவும் பெரிய வித்தியாசத்தில். ஒரு தோல்வியும் காணாத அவர்கள், தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்று வெளியேறினார்கள். கிரிக்கெட்டின் கணக்கு சில சமயம் கந்துவட்டியைவிடக் கொடியது.

ஜூலை 6, ஞாயிறு. இறுதிப்போட்டி நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில், அதாவது திண்டுக்கல்லின் சொந்த வீட்டில். எதிரே மீண்டும் அஸ்வின். அண்ணன் அறையில் பதினோரு பேர், ஒரே கைப்பேசி. அரிசி டப்பாவின் மேல் நிறுத்தி வைத்திருந்தோம். அமித் சாத்விக்கும் துஷார் ரஹேஜாவும் இறங்கினார்கள். அதன்பின் நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் பாதி நேரம் எழுந்து குதித்துக்கொண்டிருந்தோம். சாத்விக் 34 பந்தில் 65. ரஹேஜா 46 பந்தில் 77. மொத்தம் 220. திண்டுக்கல் 14.4 ஓவரில் 102-க்கு ஆல் அவுட். 118 ஓட்ட வித்தியாசத்தில், போன ஆண்டுச் சாம்பியனை அவர்கள் மண்ணிலேயே வென்று, திருப்பூர் முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. தொடரிலேயே அதிகமாக, 488 ஓட்டம் எடுத்தவரும் நம் ரஹேஜாதான்.

வெளியே வந்து பார்த்தேன். ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. வெடியில்லை, ஊர்வலமில்லை. எங்கோ ஒரு நிட்டிங் மிஷின் சத்தம் மட்டும். பதினோரு பேரும் தெருமுனைக் கடையைத் தட்டி எழுப்பிப் பால் குடித்தோம். கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். நம்மூர் ஜெயித்துவிட்டது என்றோம். "எதுலீங்க?" என்றார்.

அந்த மகிழ்ச்சி ஏறத்தாழ ஏழு வாரம் இருந்தது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிற ஊர் இது. அதில் மூன்றில் ஒரு பங்கு போல அமெரிக்காவுக்குத்தான். வகுப்பில் 'சுங்கவரியின் விளைவுகள்' என்று ஒரு பாடம் நடத்துவார்கள். தேவைக்கோடு, அளிப்புக்கோடு எல்லாம் வரைவோம். அந்த வரைபடத்தில் எங்கள் கம்பெனியின் பேக்கிங் பிரிவு எங்கே இருக்கிறது என்பதை நான் செப்டம்பரில் கண்டேன். முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு சனிக்கிழமைச் சம்பளம் நான்கு நாள் கணக்குக்கு வந்தது. மடித்து வைத்த அமெரிக்க ஆர்டர் பெட்டிகள் போகாமல் சுவரோரம் ஏறிக்கொண்டே இருந்தன. புள்ளி அட்டை பாதி மறைந்துவிட்டது. என் பருவக் கட்டணத்தை அந்த முறை அப்பாதான் கட்டினார். அவருக்கும் அப்போது வேலை குறைவு.

அண்ணன் ஊருக்குப் புறப்பட்டார். நிரந்தரமாக அல்ல, "ஆர்டர் வந்தா ஒரு போன் போடு தம்பி" என்றுதான் சொன்னார். தன்பாத் எக்ஸ்பிரஸில் பொதுப்பெட்டி. ஏறுவதற்குள் சட்டைப் பொத்தான் இரண்டு போய்விட்டது. சன்னல் வழியே பையை வாங்கிக்கொண்டவர், வண்டி நகரும் நேரத்தில் கேட்டது சம்பள பாக்கியைப் பற்றி அல்ல. பெட்டிகளை எடுத்தால் அட்டையைக் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

தீபாவளிக்குப் பிறகு வேறோர் ஐரோப்பிய ஆர்டருக்காகச் சுவரோரப் பெட்டிகளை இடம் மாற்றினோம். அட்டை இருந்தது. சூப்பர்வைசர் அதைப் பிய்க்கப் போனார். செக்கிங் அக்கா தடுத்து, ஸ்டிக்கர் தாளிலிருந்து ஓர் அம்புக்குறியைப் பிய்த்துத் 'திருப்பூர்' என்ற எழுத்துக்கு நேராக ஒட்டினார். டேமேஜ் பீஸுக்கு ஒட்டுகிற அதே ஸ்டிக்கர்தான். நாங்கள் சிரித்தோம். பிறகு அதன் கீழே காலியாக இருந்த இடத்தில் அன்றைய பெட்டிக் கணக்கை எழுதத் தொடங்கினோம்.