பலா மரத்துல ஒரு பேஸ் கிட்டார்

எங்க வீட்டுக்கு வர்ற ஆளுங்க தவறாமக் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "என்னண்ணே, கிட்டார்ல ரெண்டு கம்பியைக் காணோம், அறுந்து போச்சா?"

உள்ரூம் சுவத்துல மாட்டியிருக்குற அந்தக் கிட்டாருக்கு மொத்தமே நாலு கம்பிதான். பேஸ் கிட்டார். சாதாரணக் கிட்டாரை விட கழுத்து நீளம், கம்பி தடிமன், சத்தம் அடிவயித்துல இருந்து வர்ற மாதிரி இருக்கும். என் அக்கா மகனோடது. அவங்க வீடு தகரம் போட்ட வீடு, சித்திரை வெயில்ல உள்ள உக்கார முடியாது. மரச்சாமானுக்கு அந்தச் சூடு ஆகாதுன்னு ஓட்டு வீடான எங்க வீட்டுல வச்சிருக்கான். கச்சேரி இருந்தா வந்து எடுத்துட்டுப் போவான்.

இந்த ஊர்ல கிட்டார்னு சொன்னாலே பேச்சு பண்ணைப்புரத்துக்குப் போயிரும். தேவாரத்துக்குப் பக்கத்து ஊர்தானே. அண்ணன் தம்பிங்க மெட்ராசுக்குக் கிளம்பினப்ப அவங்கம்மா வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு வித்துக் குடுத்தனுப்பின கதையை இங்க டீக்கடையில உக்காந்திருக்குற எந்தப் பெருசும் சொல்லும், ஏதோ இவரே விலை பேசி வித்துக் குடுத்த மாதிரி. 1976ல 'அன்னக்கிளி' வர்றதுக்கு முன்னால இளையராஜா மத்தவங்க இசைக்குக் கிட்டார் வாசிச்சுக்கிட்டு இருந்தவர். அந்தக் கைப்பழக்கமோ என்னவோ, அவர் பாட்டுல அடியில ஓடுற பேஸ் மட்டும் தனியா ஒரு பாட்டு மாதிரி நடந்து போகும். இதை நான் கண்டுபிடிக்கலை. மருமகன் ஒரு காது ஹெட்போனை எனக்கு மாட்டிவிட்டு, "பாட்டை விட்டுருங்க மாமா, அடியில ஒருத்தன் நடக்குறான் பாருங்க, அவனை மட்டும் கேளுங்க"ன்னு சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சது. அதுவரைக்கும் அம்பது வயசு வரை அந்தப் பாட்டைப் பாதிதான் கேட்டிருக்கேன்.

கிட்டார் கதைக்கு முன்னால மரத்துக் கதையைச் சொல்லணும்.

எங்கப்பா வாலிபத்துல கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். அங்க தின்ன பலாப்பழத்தோட கொட்டையைக் கொண்டாந்து கிணத்துமேட்டுல ஊனி வச்சார். நாலஞ்சு முளைச்சு ஒண்ணுதான் நின்னுச்சு. அதுக்குத் தண்ணி ஊத்துற வேலை அக்காவோடது. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால ரெண்டு குடம், வந்தப்புறம் ரெண்டு குடம். அது அக்கா மரம்னுதான் வீட்டுல பேரு. நான் ஆடு கடிக்காம முள்ளு கட்டினதோட சரி.

2019 ஆடிக்காத்துல அது விழுந்துருச்சு. இங்க மேகமலைக்கும் இந்தப் பக்கத்து மலைக்கும் நடுவுல இருக்குற பள்ளத்தாக்குல ஆடியில அடிக்கிற காத்து ஊருக்கே தெரிஞ்சது. ராத்திரி சத்தம் கேட்டுச்சு, காலையில போய்ப் பாத்தா வேரோட சாஞ்சு கிடக்கு. மர வியாபாரி மொத்தமா 18,000 சொன்னார். எனக்கு மனசு வரலை. அடிமரத்தை வீட்டு நிலைக்கும் கதவுக்கும் வச்சுக்குவோம்னு போடியில அறுவை மில்லுக்குக் கொண்டு போனேன். ரெண்டு அங்குலப் பலகையா அறுக்கச் சொன்னேன். பாதியில ரம்பம் 'கிறீச்'சுன்னு நின்னுருச்சு. மரத்துக்குள்ள ஒரு ஆணி. எங்கப்பா ராக்காவலுக்கு அரிக்கேன் விளக்கு மாட்ட அடிச்சது, மரம் வளர்ந்து முழுங்கிருச்சு. ஆணியைச் சுத்தி மஞ்சள் மரத்துல கருநீலக் கறை. ரம்பத்துப் பல்லு போனதுக்கு 600 ரூபாய் தனியா வாங்குனாங்க.

பலகையை மாட்டுக்கொட்டகைப் பரண்ல அடுக்கி வச்சேன். பச்சை மரத்தை ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி வச்சா பூசணம் பிடிக்கும். நடுவுல ரீப்பர் குச்சி குடுத்து காத்து போற மாதிரி அடுக்கணும், முனையில பெயின்ட் அடிக்கணும், இல்லேன்னா முனையிலதான் முதல்ல வெடிப்பு விடும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு தச்சாசாரிங்க கணக்கு.

அடுத்த வருஷம் கொரோனா. மருமகன் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவுல பேஸ் வாசிக்கிறவன். கோயில் திருவிழா எல்லாம் நின்னுருச்சு, கல்யாணத்துக்கே அம்பது பேர், எவன் கச்சேரி வைப்பான்? ஏலத்தோட்டத்துக்குப் போகலாம்னா குமுளியிலயும் போடிமெட்டுலயும் அடைச்சுட்டாங்க. வேற வழி இல்லாம என் தோட்டத்துக்கு வந்தான். அவன் வந்ததே எனக்குப் பெரிய விசயம். ஏன்னு சொல்றேன்.

2003ல அவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும், அதுக்கு மாமன் சீர் கொண்டு போகணும். கிடா, தங்கத்துல கடுக்கன், துணிமணி, தாம்பாளம் தாம்பாளமா பழம். இது எங்க பக்கத்துல சாதாரண சடங்கு இல்லை, பொறந்த வீட்டுக்கு எவ்வளவு மரியாதைன்னு ஊர் கூடி எண்ணிப் பாக்குற இடம். அந்த ரெண்டு மூணு வருஷமும் மழை இல்லை. கிணறு வறண்டு, தென்னை குரும்பையை உதிர்த்துக்கிட்டு நின்னுச்சு. நான் ஒரு வேட்டி சட்டையும் ஒரு தார் பழமும் கொண்டு போய் மடியைக் குடுத்தேன், அவ்வளவுதான். கடுக்கனை அவங்களே வாங்கி வச்சிருந்தாங்க. அக்கா மாமியார் வீட்டுப் பக்கம் யாரோ, "மடி மட்டும் வந்திருக்கு"ன்னாங்க. அக்கா என்னை ஒண்ணும் சொல்லலை. ஆனா அதுக்கப்புறம் நல்லது கெட்டதுக்குத் தவிர எங்க வீட்டுப் படி ஏறலை. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நாலு தெருதான்.

அந்தப் பையன்தான் மண்வெட்டியோட வந்து நின்னான். ஒருநாள் மழைக்குக் கொட்டகையில ஒதுங்குனப்ப பரணை அண்ணாந்து பாத்தான். "இது என்ன மரம் மாமா?"ன்னான். சொன்னேன். ஏறிப் போய் ஒரு பலகையை விரல் முட்டியால தட்டித் தட்டிக் காது வச்சான். வீணையும் மிருதங்கமும் பலாவுலதான் செய்யிறாங்கன்னு எனக்கும் தெரியும், தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பக்கத்து மரம் போகுதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஆனா கிட்டார் செய்யலாம்னு நினைச்சதே இல்லை. அவன்தான் சொன்னான், வீணைக்கும் வாசிக்கிற கம்பி நாலு, மெட்டு 24, பேஸ்லயும் நாலு கம்பி 24 மெட்டு வச்சுச் செய்வாங்கன்னு.

மெட்டுன்னா கம்பிக்கு அடியில பதிச்சிருக்குற உலோகக் கட்டை. எங்களுக்கு மெட்டுன்னா மலை ஏறுற வழி: போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்குலத்து மெட்டு. பண்ணைப்புரத்துக்காரங்களுக்கு மெட்டுன்னா பாட்டு. மூணும் ஒரே வார்த்தையா இருக்கு பாருங்க.

அவன்கிட்ட இருந்தது பழசு வாங்குன ஒரு மட்டமான பேஸ். கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சு, மேல் மெட்டுல வச்சா கம்பி கடகடன்னு அடிக்கும். "பேஸ் சரியில்லேன்னா ஜனங்களுக்கு என்ன சரியில்லேன்னு சொல்லத் தெரியாது மாமா, ஆனா எந்திரிச்சுப் போயிருவாங்க"ன்னான்.

2022 பொங்கல் கழிச்சு ரெண்டு பலகையைத் துணியில சுத்திக்கிட்டு, குமுளி வழியா கோட்டயம் பக்கம் போனோம். அங்க கையாலயே கிட்டார் செய்யிற ஒருத்தரை விசாரிச்சு வச்சிருந்தான். அறுபதைத் தாண்டுன மனுசர். பலகையைப் பாத்ததும் முகத்தைச் சுளிச்சார். "பலா கனம் கூடும். தோள் வலிக்கும்"னார். ஈரம் பாக்குற கருவியைக் குத்திப் பாத்துட்டுத்தான் கொஞ்சம் இறங்கி வந்தார். வெளுப்பு உள்ள ஓரத்தைப் பூராவும் தள்ளினார், அதுல வண்டு விழுமாம். வயிரம் பாஞ்ச நடுமரம் மட்டும்தான் வேணும்னார். கழுத்துக்குப் பலா கூடவே கூடாதுன்னுட்டார்.

அதுக்குக் காரணம் சொன்னார். நாலு கம்பியையும் முறுக்கி ஏத்துனா அதுங்க சேர்ந்து இழுக்குற இழுப்பு 70 கிலோவுக்கு மேல. ஒரு ஆள் ராத்திரி பகலா கழுத்தைப் பிடிச்சுத் தொங்குற மாதிரி. அதனால கழுத்துக்கு மேப்பிள்னு வெளிநாட்டு மரம், அதுக்குள்ள ஒரு இரும்புக் கம்பி. விரல் வைக்கிற பட்டைக்குப் பழைய வீட்டுக் கட்டில் ஒண்ணைப் பிரிச்ச தோதகத்தி மரம் அவர்கிட்டயே இருந்துச்சு. உடம்புல கம்பி உக்காருற இடத்துல இருந்து கழுத்து முனையில அது உக்காருற இடம் வரைக்கும் 34 அங்குலம். 1951ல அமெரிக்காவுல லியோ ஃபெண்டர் கொண்டாந்த பேஸோட அளவு அது, இன்னைக்கும் பெரும்பாலும் அதுதான். அதுக்கு முன்னால ஆள் உயர வயலின் ஒண்ணை நிக்க வச்சு வாசிச்சாங்களாம், தூக்கிக்கிட்டுப் போறதே பெரும்பாடு.

அப்புறம் மருமகனை ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லிட்டு ஒண்ணும் பேசாமக் கையையே பாத்துக்கிட்டு இருந்தார். கடைசியில அவன் கையை ஒரு காகிதத்துல வச்சு, பென்சிலால சுத்தி வரைஞ்சு எடுத்தார். எனக்கு ஆஸ்பத்திரியில பிள்ளை பொறந்தப்ப காலை மையில தொட்டு ஒத்தி எடுக்குறது ஞாபகம் வந்துச்சு.

விலை 85,000. மரம் நம்மளோடதுன்னு அஞ்சாயிரம் குறைச்சார். பாதி முன்பணம். தேங்காய்க் காசு, ஒரு கன்னுக்குட்டி, மிச்சத்துக்குக் கூட்டுறவு சங்கத்து நகைக்கடன். வீட்டுக்காரிகிட்டச் சொன்னப்ப, "கதவு போட வச்ச மரத்துல கிட்டாரா?"ன்னு ஒரு பார்வை பாத்தா. அப்புறம் அவளே கம்மலைக் கழட்டிக் குடுத்து, "இது அந்தக் கடுக்கனுக்கு"ன்னா. அவளுக்கும் அது இருபது வருசமா உறுத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கு.

ஆறு மாசம்னார். பதினாலு மாசம் ஆச்சு. போன் போட்டா, "மழைக்காலம், பசை காயலை", இன்னொரு தடவை, "கழுத்து இன்னும் அடங்கலை, அடங்கட்டும்." எனக்கு ஆத்திரமா வரும். ஆனா மருமகனுக்கு ஒரு தடவையும் கோபம் வரலை. ஒட்டுக்கன்னு வச்சவன் தினமும் பிடுங்கிப் பாப்பானா மாமான்னு எனக்கே பாடம் எடுத்தான்.

2023 மார்ச்ல வாங்கிட்டு வந்தோம். நாலரைக் கிலோ. மஞ்சளா போன மரம் எண்ணெய் போட்டுத் தேய்ச்சதுல தேன் நிறத்துக்கு வந்திருந்துச்சு. வருசம் போகப் போக இன்னும் கறுக்குமாம். பஸ்ல சீட்டுக்கு மேல வைக்க விடாம குமுளி வரைக்கும் மடியிலயே வச்சுக்கிட்டு வந்தான். குமுளியில இருந்து நான் வச்சுக்கிட்டேன்.

நேரா அக்கா வீட்டுக்குத்தான் போனோம். வாசல்ல நின்னு, "அக்கா, இவன் காதுகுத்துச் சீர்"னேன். வேற என்னென்னமோ சொல்லணும்னு பஸ் பூராவும் யோசிச்சு வச்சிருந்தேன், ஒண்ணும் வரலை. அக்கா கிட்டாரைக் கையில வாங்கலை. ஈரக் கையை முந்தானையில துடைச்சுட்டு, பின்பக்கத்தைத் திருப்பச் சொல்லித் தடவிப் பாத்தா.

"எங்கடா அந்த ஆணி இருந்த இடம்?"

ஆணி விசயம் அவளுக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது. அப்பா அதை அடிச்சப்ப விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னது அவதானாம். அந்தக் கறை உள்ள துண்டைச் செய்யிறவர் வெட்டித் தள்ளிட்டார்னு சொன்னேன். "ம்"ன்னா. அப்புறம், "உள்ள வா, காப்பி போடுறேன்"னா.

அந்தச் சித்திரையில வீரபாண்டித் திருவிழா சமயம் பக்கத்து ஊர் மேடையில அவன் வாசிச்சான். நான் முன்னால உக்காந்து உத்து உத்துக் கேக்குறேன், எனக்குத் தவிலும் கீபோர்டும் பாடுற பொண்ணும்தான் கேக்குது. இடைவேளையில வந்து, "முன்னால உக்காந்தா எப்படி மாமா, அந்தப் பெரிய பெட்டிக்குப் பக்கவாட்டுல போய் நில்லுங்க"ன்னான். போய் நின்னேன். அடிக் கம்பியைத் தட்டுனா அது நொடிக்கு 41 தடவைதான் அதிருமாம், காது கேக்குறதுக்கு முன்னால நெஞ்செலும்பு கேக்குது. கண்ணை மூடிக்கிட்டா, கிணத்துமேட்டுல மோட்டார் போட்டுட்டு மரத்துல முதுகைச் சாய்ச்சு உக்காந்திருப்போமே, அந்த அதிர்வு.

சொந்தமா வச்சிருக்குறதுல வேலையும் இருக்கு. ஆடிக்காத்து ஆரம்பிச்சா காத்துல ஈரம் இல்லாமப் போய் கழுத்து லேசா நிமிர்ந்துக்கும், ஐப்பசி மழையில மறுபடி வளையும். கழுத்துக்குள்ள இருக்குற அந்த இரும்புக் கம்பியை ஒரு சாவி வச்சுக் கால் சுத்து திருப்பணும், அதுக்கு மேல ஒரே தடவையில திருப்பக் கூடாது. மருமகன் வெளியூர்ல இருந்தா போன்லயே சொல்லுவான், நான் திருப்புவேன். பம்புசெட்டுக்குப் பாக்கிங் மாத்துற கைக்கு இது ஒரு பெரிய வேலை இல்லை. மனசுதான் நடுங்கும்.

அக்கா இப்ப வாரத்துக்கு ஒரு தடவையாவது வர்றா. கிட்டாரைத் தூசி தட்டுறேன்னு காரணம் சொல்லுவா. போன வாரம் கொட்டகைப் பரணைப் பாத்துட்டு, மிச்சம் இருக்குற பலகையில தனக்கு ஒரு அருவாமனைக் கட்டை வேணும்னா. ஆசாரிகிட்டச் சொல்லியிருக்கேன். அவர் அறுப்பு முடியட்டும்னு சொல்லியிருக்கார்.